எமிலுக்கு ஒதுக்கிய ஜன்னல் அறை

மனித குலம் இதுவரை எட்டிய சிகரம் எது என்று யாராவது கேட்டால், ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் பக்கத்தில் அன்னெக்ரெட் லோமன் வீட்டுத் தோட்டத்து வேலியைத் தயங்காமல் காட்டலாம். உயரம் ஒரு மீட்டர் எண்பது. ருமேனியத் தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய் தாண்டிக் குதிக்க முடியாத உயரம்.

நாய் மீட்புச் சங்கத்தின் ஆய்வாளர் கோட்டர் அம்மாள் அதை டேப் வைத்து இரண்டு முறை அளந்தார். 'தகுதியான இல்லம்' என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் நாய் வண்டி ஏறும். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்ட அன்னெக்ரெட்டுக்கு இன்று பரீட்சை. எதிர்வீட்டு ஹெல்கா ஏற்கெனவே ஸ்பெயினிலிருந்து இரண்டை மீட்டுவிட்டு, தெருவில் தலையை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தாள். தோற்க முடியாது.

"நாயை எத்தனை மணி நேரம் தனியா விடுவீங்க?"

"ஒரு நிமிஷம்கூட விட மாட்டோம். மாமனார் மாடியில படுத்த படுக்கை. அவரைப் பாத்துக்க ரோடிகா எப்பவும் வீட்லதான் இருப்பா. அவளும் ருமேனியாதான்."

"வாரத்துல ஒரு நாள் லீவு எடுப்பாங்களே?"

"அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் அவகிட்ட கிடையாது."

கோட்டர் அம்மாள் திருப்தியாக டிக் அடித்தார். பிறகு வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்க்க நிலவறைக்கு இறங்கியவர், ஒரு கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு மடக்குக் கட்டில். பக்கத்தில் வாஷிங் மெஷின். ஜன்னல் இல்லை. சுவரில் ஈரம்.

"இங்கயா நாயைப் படுக்க வைக்கப் போறீங்க? மன்னிக்கணும், இது உயிர்வதை. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்னெக்ரெட் அவசரமாகக் குறுக்கிட்டாள். "இது நாய்க்கு இல்லைங்க. ரோடிகா படுக்கிற இடம்."

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா? பயந்தே போயிட்டேன்," என்று கோட்டர் அம்மாள் மூச்சு விட்டு, கையெழுத்தும் போட்டார்.

நாய்க்கு ஒதுக்கியது தோட்டத்தைப் பார்த்த அறை. பெரிய ஜன்னல், தரை சில்லிடாமல் இருக்க அடியில் வெந்நீர்க் குழாய். இரண்டு வருஷத்துக்கு முன் ரோடிகா அந்த அறையைக் கேட்டபோது, அங்கே அன்னெக்ரெட்டின் கணவர் டெட்லஃபின் தபால்தலை ஆல்பங்கள் 'குடியிருந்தன'. அவற்றை அசைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. நாய்க்காக ஒரே காலையில் அசைந்தன.

நாய் வந்தது. 'எமில்' என்று பெயர் வைத்தார்கள். அது சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டு மூன்று நாள் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டது. நாய் மனநல ஆலோசகர் வந்து லாவெண்டர் எண்ணெய் தெளித்தார். நாய் தும்மியது.

"அந்த ருமேனியாவுல யாருக்கும் நாய்மேல இரக்கமே கிடையாது. அந்த அதிர்ச்சி இன்னும் போகல," என்றாள் அன்னெக்ரெட்.

நாலாம் நாள் துணிக்கூடையோடு சோபா பக்கம் போன ரோடிகா, குனிந்து தன் பாஷையில் நாலு வார்த்தை பேசினாள். வால் ஆடியது. அவள் பின்னாலேயே நிலவறைக்குப் போன நாய், மடக்குக் கட்டிலில் ஏறிச் சுருண்டது. பிறகு அங்கிருந்து அசையவில்லை. கதவைச் சாத்தினால் ஊளையிட்டது. தெருவே சத்தம் போடக் கூடாத மதிய ஓய்வு வேளையில் ஊளை கேட்டு ஹெல்கா ஜன்னல் வழியாகச் சிரித்தாள்.

மறுசோதனைக்கு வந்த கோட்டர் அம்மாள் கட்டிலையும் நாயையும் பார்த்தார்.

"மூணு நாள் தர்றேன். நாய் மேல வரணும். இல்லன்னா திருப்பி எடுத்துக்குவோம்."

"அதுவாத்தாங்க கீழ போகுது. ரோடிகா இருக்கிற இடத்துலதான் இருப்பேங்குது."

டெட்லஃப் தொண்டையைச் செருமினார். "அப்போ ரோடிகாவையும் மேல போட்டுட்டா?"

இந்த வீட்டில் இப்படி ஒரு புரட்சிகரமான யோசனை இதுவரை எழுந்ததில்லை. அன்றே கட்டில் மேலே ஜன்னல் அறைக்கு ஏறியது. சங்கத்தின் படிவத்தில் 'நாயின் மனநலத்துக்காகச் செய்த கூடுதல் வசதிகள்' என்ற கட்டத்தில் போர்வை, ரப்பர் எலும்பு, இவற்றுக்குக் கீழே அன்னெக்ரெட் தன் அழகான கையெழுத்தில் 'ரோடிகா' என்று சேர்த்தாள். கோட்டர் அம்மாள் டிக் அடித்தார்.

மறுநாள் காலை அறை முழுக்க வெயில். ரோடிகா தரையில் உட்கார்ந்து நாயின் காதைச் சொறிந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எமில்கிட்ட என்ன சொல்ற?"

"நூறு வருஷம் உயிரோட இருடான்னு சொல்றேன் மேடம். நீ போயிட்டா என் கட்டில் மறுபடி கீழ போயிடும்னு சொன்னேன்."

அன்னெக்ரெட்டின் கண்கள் நிறைந்துவிட்டன. அன்றைக்கே சங்கத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினாள்: 'அந்த நாட்டிலும் நாய்களை நேசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருந்திருக்கிறாள், நாய் வரும்வரை நாங்கள் கவனிக்கவே இல்லை.'