பொருளாதாரத் துறை ஆய்வுக்கூடம் திறந்த கதை

ஒஹாயோவில் எங்கள் மில்பர்ன் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரத் துறை, தானும் இயற்கை அறிவியலே என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு உயர்ந்த காரணங்கள் பல சொல்லப்பட்டன. உண்மைக் காரணம் விசா. அறிவியல் படித்த வெளிநாட்டு மாணவன் பட்டம் வாங்கியபின் மூன்று வருடம் இங்கே வேலை பார்க்கலாம். மற்றவன் ஒரு வருடத்தில் மூட்டை கட்ட வேண்டும். எனக்கு அந்த மே மாதம்தான் பட்டம். மனைவியை ஊரிலிருந்து அப்போதுதான் அழைத்து வந்திருந்தேன்.

பல்கலைக்கழகம் ஒரே நிபந்தனை விதித்தது. அறிவியல் என்றால் ஆய்வுக்கூடம் வேண்டும். ஆய்வுக்கூடம் என்றால் மாவட்டப் பாதுகாப்பு அதிகாரியின் சான்று வேண்டும்.

துறைத் தலைவர் விட்டேக்கர் காபி அறையை ஆய்வுக்கூடமாகப் பிரகடனம் செய்தார். எல்லோருக்கும் வெள்ளை அங்கி வந்தது. விலை ஏறினால் விற்பனை குறையும் என்ற எங்கள் மூல விதியைச் சோதிக்க, அங்கே விற்ற டோனட்டின் விலையை ஏற்றினோம். விலை கூடினால் சரக்கும் உசத்தியாகத்தான் இருக்கும் என்று பக்கத்துத் துறைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். விதி சரி, வாங்கியவர்கள் தவறு என்று முடிவு பதிவாயிற்று.

இயற்பியல் பேராசிரியர் ஒருவர் டோனட்டைக் கடித்தபடியே கேட்டார். "எங்க கல்லு கீழ விழலன்னா நாங்க விதியத்தான் மாத்துவோம். நீங்க கல்லத் திட்டுறீங்களே?"

"உங்க கல்லுக்கு அறிவு கிடையாது. அதான் சொன்னபடி கேக்குது," என்றார் விட்டேக்கர்.

பாதுகாப்பு அதிகாரி திருமதி கோவாச் வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"புகை போக வழி எங்க?"

"இருக்குன்னு வெச்சுக்கலாம் மேடம்," என்றார் விட்டேக்கர்.

"நான் ஏன் வெச்சுக்கணும்?"

"எங்க துறையில எதையும் அப்படித்தான் ஆரம்பிப்போம். ஆனா புகையே வராது."

"வராதா? சரி விடுங்க. ஆபத்தான பொருள் என்னென்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல மேடம்," என்று நான் முந்திரிக்கொட்டையாகச் சொன்னேன்.

"அப்ப இது ஆய்வுக்கூடமே இல்ல, காபி ரூம். நான் கிளம்பறேன்."

விட்டேக்கர் வாசலை மறித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"ஆபத்து இருக்கு மேடம். எங்க கணக்கு தப்பினா ஊரே தாங்காது. டயர் ஃபேக்டரிக்கு வரிச்சலுகை வேண்டாம்னு மாவட்டத்துக்கு எழுதிக் குடுத்ததே நாங்கதான். உடனே மூடிட்டாங்க." இதைப் பெருமையாகவே சொன்னார்.

திருமதி கோவாச்சின் பேனா நின்றது. "என் வீட்டுக்காரர் அங்கதான் வேல பாத்தாரு."

"கொஞ்ச நாள்ல வேற எதுக்காவது மாறியிருப்பாரே? எங்க விதிப்படி மாறணும்."

"மாறினாரு. சோஃபாவுக்கு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, என் மூன்று வருடம் போயே போய்விட்டது என்ற பயம் பெரிதாக இருந்தது.

"இந்தக் கட்டடத்துக்குள்ள யாருக்காவது அடிபட்டுச்சா?" என்று திருமதி கோவாச் கேட்டார்.

"உள்ளயா? ஒருத்தருக்கும் இல்ல. ரெண்டு பேருக்குப் பதவி உயர்வு கெடச்சுது."

"அப்ப சரி. எங்க விதி சுவரோட முடிஞ்சிடுது." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பொருளாதாரம் அன்றே இயற்கை அறிவியல் ஆனது. மாவட்ட நிர்வாகத்தில் எனக்கு வேலையும் கிடைத்தது: எந்தப் பதவி வீண் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். விபத்தே நடக்காத கட்டடங்களுக்குப் பாதுகாப்பு அதிகாரி எதற்கு என்று என் கணக்கு கேட்டது. திருமதி கோவாச்சின் பதவியை எடுத்துவிடலாம், அவர் கொஞ்ச நாளில் வேறு வேலைக்கு மாறிவிடுவார் என்று எழுதிக் கொடுத்தேன்.

மாவட்ட ஆணையர் அதை ரசித்துப் படித்தார். "இதெல்லாம் இயற்கை விதிதானே தம்பி?"

"ஆமா சார். சான்றே இருக்கு."

"அப்ப மழை பெய்யற மாதிரி இதுவும் தானா நடந்துடும். அத எழுதிக் குடுக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் எதுக்கு?"

எவ்வளவு புரட்டிப் பார்த்தும் அந்த வாதத்தில் ஒரு குறையும் அகப்படவில்லை. வீட்டுக்குப் போய், பரண்மேல் இருக்கும் பெட்டிகளை இறக்கும்படி மனைவியிடம் சொன்னேன்.