மறுபடியும் அந்தப் பலகை

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தால், பலகை மறுபடியும் தபேயாவின் வீட்டுக் கைப்பிடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அடப் பாவமே! நேத்து சாயங்காலம்தானேடா கீழ கொண்டுபோய் மாட்டினேன்?" என்றாள் இடுப்பிலிருந்த லெவினிடம்.

ஐந்து மாத மகன் லெவின் எச்சில் வடித்தான். வாரத்தில் பல நாள் அவளுக்குப் பேச இருந்த ஒரே ஆள் அவன்தான்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 'கூட்டும் வாரம்' பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படி, நிலவறை, வாசல் நடைபாதை எல்லாம் அவர் பாடு. சனிக்கிழமை வேலையை முடித்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டால் விட்டது தொல்லை. தபேயா இருப்பது மூன்றாம் மாடி, கடைசி வீடு. அடுத்த முறை கீழ்த்தளத்து ஹேபெலேயுடையது. எண்பது வயது மனுஷர். வணக்கம் சொன்னால் "ம்" என்பார், அதோடு சரி.

நடை போய் வந்து தூங்கும் பிள்ளையை வண்டியோடு அவர் வாசலோரம் நிறுத்திவிட்டுத்தான் அவள் படி கூட்டுவாள். மேலே அவள் துடைப்பத்தை எடுத்ததுமே கீழே அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். தூசி பார்க்கிறாராம் பெரிய மனுஷர்!

அவளுக்கு வயது பதினேழு. தாய்சேய் விடுதியை விட்டு இந்த ஒற்றை அறைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுகூடப் பக்கத்தில் ஒருத்தி நின்று குறிப்பெழுதுகிற இடம் அந்த விடுதி. "அக்கம்பக்கத்துல ஒரு புகார் வந்தாலும் திரும்ப விடுதிதான்" என்று இளையோர் நல அலுவலகத்து மவுட் மேடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெற்ற அம்மா இதே ஊரில்தான் இருக்கிறாள், ஒரு போன் கிடையாது.

சரி, ஹேபெலேவுக்குச் சுத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாரம் வினிகர் ஊற்றித் துடைத்தாள். கட்டடமே ஊறுகாய் ஜாடியாக நாறியது. பலகை திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் குப்பைத் தொட்டிகளைக்கூடக் கழுவினாள். பலகை அசரவில்லை.

"உனக்குக் கோடி புண்ணியம்டி!" என்றாள் முதல் மாடி பூளர். "அஞ்சு வாரமா எங்க முறையே வரல!"

"ஏன் திரும்பத் திரும்ப எனக்கே வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? வர்றவரைக்கும் நல்லதுதான்." கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று தபேயா கட்டட விதிகளை வரி விடாமல் படித்தாள். ஏழாவது விதி: படிக்கட்டுப் பகுதியில் குழந்தை வண்டி நிறுத்தக் கூடாது. அட, இதுதானா சங்கதி! வண்டியை நிலவறையில் போட்டுவிட்டு, லெவினை முதுகில் கட்டிக்கொண்டு கூட்டினாள். இடுப்பு ஒடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பலகை வந்தது. கூடவே ஒரு சீட்டு: 'திருப்தியில்லை. முன்பு செய்தபடியே செய்யவும். ஹேபெலே.'

"முன்பு செய்தபடின்னா எதுடா? வினிகரா?" என்று அழுகிற குரலில் கேட்டாள். லெவின் அவள் மூக்கைப் பிடித்தான். அவளுடைய வகுப்புத் தோழிகள் ஏரிக்கரையில் எடுத்த படங்கள் போனில் வந்து விழுந்துகொண்டிருந்தன. அவள் பார்க்கவில்லை. மனசு விட்டுப்போயிருந்தது.

அந்த வாரம் வினிகரும் போட்டாள், அதன்மேல் மெழுகும் போட்டாள். படிகளில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை மவுட் மேடம் வந்தார். வாசலில் ஏறினார். இரண்டாவது படியில் வழுக்கி, கோப்போடும் பையோடும் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மேடம்!" முதுகில் பிள்ளையோடு ஓடிவந்த தபேயாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தெரியாமப் பண்ணிட்டேன். ஏழு வாரமா நானேதான் துடைக்கிறேன். என்ன செஞ்சாலும் அவருக்குப் பிடிக்கல. விடுதிக்கு மட்டும் அனுப்பிடாதீங்க!"

சத்தம் கேட்டு ஹேபெலே கதவைத் திறந்தார். மவுட் மேடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேனாவை எடுத்தார்.

"இந்தப் பொண்ணு மேல உங்களுக்கு ஏதாவது புகார் இருக்கா?"

"இருக்கு."

மவுட் மேடம் கோப்பைப் பிரித்தார்.

"நல்லா எழுதிக்கோங்க," என்றார் ஹேபெலே. "பிள்ளைய முதுகுல கட்டிக்கிட்டுத் திரியறா. முன்னெல்லாம் கூட்டறப்போ வண்டி என் வாசல்ல நிக்கும், எனக்கும் ஒரு மணி நேரம் பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தான். அதுக்குத்தானே இந்த வயசுல வாராவாரம் மூணு மாடி ஏறி அந்தப் பலகைய மாட்டிட்டு வர்றேன்!"