மாப்பிள்ளை கொடுத்த பத்து கிராம் பவுடர்

திண்டிவனம்
22.9.2006, வெள்ளிக்கிழமை, அமாவாசை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஆண்டோ அவர்களுக்கு மாமனார் இருதயநாதன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை அற்புதமேரியும் சுகம். சலவை மெஷின்கள் இரண்டும் சுகம். தொட்டிக்கு மட்டும் சுகமில்லை. நீங்களும் மகள் வெனிலாவும் நலமாயிருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறோம். கடைசிப் பத்து மணிகளைத் தொட்டிக்காகச் சொல்கிறோம்.

போனில் பேசலாம் என்றால், நீங்கள் அம்பத்தூர் கம்பெனியில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டு "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். எது சரி? இங்கே ஒன்றும் சரியில்லை. ஆகையால் எழுதுகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

விழுப்புரத்திலிருந்து மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி வந்துபோனது உங்களுக்குத் தெரியும். நாம் லாட்ஜ் விரிப்பும் ஆஸ்பத்திரித் துணியும் துவைத்து வெளியே விடும் தண்ணீர் தன் மல்லாட்டைக் கொல்லைக்கு வருகிறது, கடலைச் செடிக்கு மேலே நுரை முழங்கால் உயரம் நிற்கிறது என்று பின்பக்கத்துக் கோதண்டபாணி மனு கொடுத்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, நானே போய்ப் பார்த்தேன். அதிகாரி நம் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து என் முகத்துக்கு நேரே தூக்கினார். பாட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற நான் அவருக்குத் தெரியவில்லை. 27ஆம் தேதி புதன்கிழமை மறுபடி வருவேன், அன்றைக்கு நீங்கள் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் சீல் என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷ லாண்டரி, ஒன்பது குடும்பம் சாப்பிடுகிற இடம். அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. வெளியில் காட்டிக்கொள்வதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நீங்களும் அக்கறையாக, தண்ணீரைத் தெளியவைக்கும் அந்த வெள்ளைப் பவுடர் டப்பாவைக் கொடுத்தனுப்பி, செய்முறையும் எழுதியிருந்தீர்கள். முதலில் படிகாரம் ஒரு கிலோ கரைத்து ஊற்றி வேகமாகக் கலக்கவும். பிறகு, துவைத்த தண்ணீர் சேரும் ஐயாயிரம் லிட்டர் தொட்டிக்குப் பவுடர் பத்து கிராம். பத்து கிராம்! மீன் குழம்புக்கே உங்கள் அத்தை அதைவிட அதிகமாக மிளகாய்த்தூள் போடுவாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன், அப்போதும் பத்துதான். உங்கள் அத்தை சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவுரு கூச்சப்பட்டுக்கினு கொறச்சி எழுதியிருக்காரு. நம்ம மாப்பிள்ள என்னிக்கி வாயத் தொறந்து நெறையக் கேட்டிருக்காரு?" நியாயம்தானே? கல்யாணமான புதிதில் நீங்கள் இலையில் கையை விரித்து "போதும், போதும்" என்றீர்கள், நாங்கள் நிறுத்தினோமா? மாப்பிள்ளை போதும் என்றால் இன்னொரு கரண்டி வைப்பதுதானே மரியாதை. ஆகவே உங்கள் மரியாதையைக் காப்பாற்ற அவள் பிரியாணிக் கரண்டியால் நான்கு கரண்டி போட்டாள். நான் ஒன்று போட்டேன்.

தொட்டி ஒரு மணி நேரத்தில் வெண்டைக்காய்க் குழம்பாகிவிட்டது. கழியை விட்டுத் தூக்கினால் தண்ணீரும் கூடவே எழுந்து வருகிறது. பம்ப் இரண்டு தடவை முனகிவிட்டு நின்றுவிட்டது. அதைத் திறக்கப்போன நம் சின்னதுரை, பதினைந்து வருஷமாக ஈரத்தரையில் ஓடி வேலை செய்கிறவன், வழிந்து கிடந்ததில் கால் வைத்து வாசல் வரைக்கும் உட்கார்ந்தபடியே போனான். அவனைத் தூக்கப்போய் நானும் போனேன். சத்தம் கேட்டு, மனுவின் நகலோடு சண்டைக்கு வந்த கோதண்டபாணியும் வழுக்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியாததால் மூன்று பேரும் அங்கேயே பேச வேண்டியதாயிற்று. அவர் விரலில் ஒட்டியதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நொரையே மேலுங்க. அது வெயில் வந்தா போயிடும். இது என்னான்னே தெரியலியே" என்றார். அவர் மனு கொடுத்தவர்தான், ஆனாலும் அவருக்கு இடுப்பில் அடி, நான் தைலம் கொடுத்தனுப்பினேன். தைலம் எடுத்து வந்த உங்கள் அத்தை விழுந்ததை வெனிலாவிடம் சொல்ல வேண்டாம்.

அந்தக் குழம்பை அள்ளி முடிக்கவே நான்கு நாள். அடுத்த தடவை சத்தியமாகப் பத்து கிராம்தான், தங்கம் நிறுக்கும் தராசில் நிறுத்து வாங்கினேன். ஆனால் பக்கெட்டில் கரைக்காமல் அப்படியே கொட்டிவிட்டான் சின்னதுரை. அது ஜவ்வரிசி மாதிரி உருண்டு உருண்டு மிதந்தது, உள்ளே பவுடர் உலர்ந்தே இருக்கிறது. மூன்றாவது தடவை நானே கரைத்து, நானே தெளித்தேன். மாப்பிள்ளை, அப்போது நடந்ததை எப்படிச் சொல்வது? பால் திரிந்த மாதிரி அழுக்கெல்லாம் திட்டுத் திட்டாகச் சேர்ந்தது, நடுநடுவே தண்ணீர் கண்ணாடியாகத் தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்னதுரைக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, மூங்கில் கழியை எடுத்து அரை மணி நேரம் சுழற்றினான். திட்டெல்லாம் பொடிப்பொடியாகி, தொட்டி பழையபடி கழுநீர். ஏண்டா இப்படிப் பண்ணாய் என்று கத்தினால், அவன் சொல்கிறான்: "கலக்கினாத்தான மொதலாளி வேல. சும்மா நின்னுக்கினு இருந்தா நீங்களே திட்டுவீங்க." திட்டுவேன்தான்.

இதில்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் வேகமாகக் கலக்கவும் என்கிறீர்கள், பிறகு மெதுவாகக் கலக்கவும் என்கிறீர்கள், கடைசியில் "அப்படியே விடவும்" என்று முடித்துவிட்டீர்கள். லாண்டரியில் எதைத்தான் அப்படியே விடுவது? ஈரத்துணியை அப்படியே விட்டால் மக்கல் நாற்றம், இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டால் ஓட்டை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அப்படியே விட்டது எதுவும் உருப்பட்டதில்லை. அதனால் மணிக்கொரு தடவை போய் ஒரு கலக்கு கலக்கிப் பார்க்கிறோம். கலக்கக் கலக்கக் கலங்குது, மாப்பிள்ளை. உங்க பவுடருக்கு எங்க மேல என்னா கோபமோ தெரியல.

இன்று காலை நான்காவது தடவையாகப் படிகாரமும் பவுடரும் போட்டோம். பாதியில் சின்னதுரை கழியை வைத்துவிட்டு, அமாவாசை, மேல்மலையனூர் கோயிலுக்குப் போகணும், பஸ் போயிடும் என்று கிளம்பிவிட்டான். அப்படியே விழுப்புரத்தில் அக்கா வீட்டில் தங்கிவிட்டு வருவானாம். எனக்கோ விழுந்ததில் முழங்கால் வீங்கிக் கழி பிடிக்க முடியவில்லை. உங்கள் அத்தை தொட்டிப் பக்கமே போகமாட்டேன் என்கிறாள். தொட்டி நிரம்பிக் கிடப்பதால் மெஷின்களையும் நிறுத்திவிட்டேன். கலக்க ஆளில்லாமல் எல்லாம் வீணாகப் போகிறது. ஆகையால் கடிதம் கண்டதும் லீவு போட்டுவிட்டு ஜல்தியாகப் புறப்பட்டு வரவும். நீங்கள் வராவிட்டால் லாண்டரி இல்லை. மாமனார் காலைப் பிடித்துக் கேட்பது முறையில்லை, கேட்டதாக வைத்துக்கொள்ளவும்.

வெனிலாவுக்கு எங்கள் முத்தங்கள். சம்பந்தி வீட்டாருக்கு வணக்கம் சொல்லவும். அந்தோணியார் உங்கள் இருவருக்கும் துணையிருந்து, உங்கள் கம்பெனித் தொட்டிகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
முழங்கால் வீக்கத்துடன்,
ஞா. இருதயநாதன்

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. கூரியர்க்காரர் சனிக்கிழமை கடை திறக்கவில்லை, அதனால் கடிதம் என்னிடமே இருந்தது. அதிகாரி விக்கிரவாண்டிக்கு வேறு வேலையாக வந்தவர், புதன் வரை காத்திராமல் இன்று காலையே உள்ளே நுழைந்துவிட்டார். மூன்று நாளாக யாரும் தொட்டிப் பக்கம் போகவில்லை, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பாட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். தொட்டி அடியில் அழுக்கு முழுக்கப் படிந்து கிடக்கிறது, மேலே குடிக்கலாம் போலத் தண்ணீர். சீல் இல்லை. "என்னங்க பண்ணீங்க?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? செய்முறையை ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார். யோசித்து யோசித்து, "படிகாரம் ஒரு கிலோ, பவுடர் பத்து கிராம், சின்னதுரை ஊரில் இல்லை" என்று எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டு, இதையே தவறாமல் செய்யுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதை மனதில் வைக்காமல், தயவுசெய்து வர வேண்டாம். வந்தால் நீங்களும் ஏதாவது செய்வீர்கள்.