ஒஸ்திரியரின் இரண்டாம் பாகம்

திருகோணமலை,
12. 08. 1980

வாரமலரின் பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், எழுத்துக் கோர்ப்பவர்கள் உட்பட அச்சுக்கூடத்தார் அனைவரும் சுகமாயிருக்கக் கோணேசர் அருள் புரிவாராக. நான் சுகமாயில்லை. அதில் பாதிக்குத் தாங்கள் பொறுப்பு.

போதிய காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். பதினாறு வருடம் இருந்தேன். அதில் கடைசி ஐந்து வாரம் தங்கள் பத்திரிகையை வாசித்துக்கொண்டும் இருந்தேன். இனி ஏலாது. மூதூர் ஸைனுலாப்தீன் என்பவர் எழுதும் 'மறக்கப்பட்ட ஒஸ்திரியர்' என்ற தொடரை வெளியிட்டு வருகிறீர்கள். எமில் ட்ராஸ்னர் என்ற ஒஸ்திரிய எழுத்தாளரின் நாவல்களையும் இரண்டு பாகங்களான தன்வரலாற்றையும் 'மீளக் கண்டெடுத்தவர்' என்று கொட்டை எழுத்தில் அவரை அறிமுகம் செய்தீர்கள். பக்கத்தில் ஒரு பனிமலைப் படம். அது பால்மா டின்னில் இருக்கும் மலை என்பது என் வீட்டுக் குசினியிலேயே தெரிந்துவிட்டது. ட்ராஸ்னர் மலையைக் கண்டவரல்லர். அவர் டான்யூப் நதிக்கரையில், படகுகள் வந்து கட்டும் ஒரு சிறிய துறையில், சுங்கக் கந்தோர் இலிகிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஆனால் மலையைப் பற்றி முறையிட நான் பேனாவை எடுக்கவில்லை. ஒன்றைக் கண்டெடுக்க வேண்டுமானால் முதலில் அது தொலைந்திருக்க வேண்டும். ட்ராஸ்னர் தொலையவில்லை. இருபத்துமூன்று வருடமாக என் வீட்டு அலுமாரியில் இருக்கிறார், ஒரு பாகம் நீங்கலாக. அந்த ஒரு பாகம் எங்கே என்பதுதான் இக்கடிதம்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரனின் கடற்படை இந்தத் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஸைனுலாப்தீனும் நானும் துறைமுகக் கந்தோர் ஒன்றில் இளம் இலிகிதர்கள். கப்பல் வைத்தியர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொண்டுபோக மனமில்லாமல், விரும்பியவர்கள் எடுக்கலாம் என்று வராந்தாவில் வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் கதிரை எடுத்தார்கள், மேசை எடுத்தார்கள், ஒருவர் கதவையே கழற்றி எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் புத்தகம் எடுத்தோம். அதிலிருந்தே நாங்கள் வாழ்க்கையில் முன்னுக்கு வரமாட்டோம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியிருக்கும். அதில் ஏழு புத்தகங்கள் இந்த ட்ராஸ்னருடையவை, ஆங்கில மொழிபெயர்ப்பில். கடற்படை கழித்துவிட்ட கடல் வரைபடங்களும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தடித்த தாள், தண்ணீர் இலேசில் ஊறாது. புத்தகத்துக்கு உறை போட அதைவிட நல்ல தாள் இந்த நாட்டில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. புத்தகங்களைப் பங்கிட்டுக்கொண்டு, என் பங்குக்கு உட்துறைமுக வரைபடத்தையும், அவர் மூதூர்க்காரர் என்பதால் அவர் பங்குக்குக் கொட்டியாரக்குடா வரைபடத்தையும் வெட்டி உறை போட்டோம். உறையைப் பார்த்தால் யாருடையது என்று தெரியும். பெயர் எழுதவில்லை. சிநேகிதருக்குள் பெயர் எழுதுவது அழகில்லை என்றார் ஸைனுலாப்தீன். பெயர் எழுதாததால் என்ன அழகு மிஞ்சியது என்று அவரிடம் தாங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

கடற்படை போனபிறகும் எங்களை யாரும் போகச் சொல்லவில்லை. நாலு மாதம் கந்தோருக்குப் போனோம். வராத கப்பல்களுக்குப் பதிவேடு திறந்து, திகதி போட்டு, மூடி வைத்தோம். மத்தியானத்தில் சோற்றுப் பார்சலை அவிழ்த்து வைத்துக்கொண்டு ட்ராஸ்னரை ஒருவருக்கொருவர் வாசித்தோம். தன்வரலாற்றின் இரண்டாம் பாகத்தில் பேரரசு உடைந்துபோகிறது. ட்ராஸ்னரின் தகப்பன் மட்டும் பழைய சுங்கக் கந்தோருக்குத் தினமும் போய், இல்லாத அரசனின் முத்திரையை இல்லாத சரக்குக்குக் குத்திவிட்டு வீட்டுக்கு வருகிறார். அந்த இடம் வந்ததும் ஸைனுலாப்தீன் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். பிறகு சொன்னார்: "மச்சான், இந்த மனிசன் நம்மளப் பாத்துத்தான் எழுதியிருக்கான்." நாங்கள் சிரித்தோம். நான் கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது எப்போது என்று என் மனைவி குணேஸ்வரி அடிக்கடி கேட்பாள். அது அந்த நாளாக இருக்கலாம்.

பிறகு அவர் மூதூரில் ஆசிரியரானார். நான் நகரத்தில் வேறொரு அரசாங்கக் கந்தோரில் அதே நாற்காலியில் அதே இலிகிதராக இருந்தேன், இருக்கிறேன். என்னிலும் இளையவர்கள் இருவர் எனக்கு மேலே போனதைப் பற்றி வேறொரு கடிதம் எழுதலாம். அறுபத்துநாலாம் ஆண்டு கார்த்திகையில், மூதூர் லோஞ்ச் படகு வந்து கட்டும் துறையில், என் கையால் அந்த இரண்டாம் பாகத்தை ஸைனுலாப்தீனிடம் இரவல் கொடுத்தேன். புத்தகத்தின் பாரம் ஒரு கையிலிருந்து மற்றக் கைக்குப் போனதை இன்றும் என் உள்ளங்கை மறக்கவில்லை. அடுத்த மாதம் புயல் அடித்தது. அந்தப் புயலைத் தங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் கூரை இரண்டு வளவு தள்ளி ஒரு மாமரத்தில் இருந்தது என்றால் போதும். அலுமாரி விழுந்து, புத்தகமெல்லாம் வெள்ளத்தில். நனைந்த புத்தகத்தைத் திறந்தால் தாள் கிழியும் என்று ஒன்றையும் திறக்காமலே காயவைத்து, பழைய உறையை உரிக்காமல் அதன் மேலேயே எஞ்சியிருந்த உட்துறைமுகத் தாளில் புதிய உறை போட்டேன். காய்ச்சலோடு போட்டேன். வெள்ளம் வடிந்தபின் நிலம் ஒரு பக்கம் தாழ்ந்து அலுமாரி ஆடியதால், குணேஸ்வரி கடல் ஏறி இறங்கும் நேரம் குறித்த கடற்படையின் பழைய வற்றுப்பெருக்கு அட்டவணை ஒன்றை எடுத்து அதன் காலுக்குக் கீழே வைத்தாள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. இந்த வீட்டில் தன் கடமையைச் சரியாகச் செய்த ஒரே புத்தகம் அதுதான் என்று அவள் சொல்வதுண்டு.

கடல் அடங்கி லோஞ்ச் ஓடத் தொடங்கியதும் ஸைனுலாப்தீன் வந்தார். ஒரு சாக்கில் அரிசி, தலையில் சுமந்து, துறையிலிருந்து நடந்து வந்திருந்தார். கூரையில்லாத வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தார். சுகம் விசாரித்தார். பிறகு, ஐயா, தாங்களே நீதி சொல்லுங்கள், இப்படிக் கேட்டார்:

"அந்தப் பொத்தகம் நனையல்லயே, மச்சான்?"

என் புத்தகத்தைத் தாம் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார். "அதை நான் உங்களிட்டையெல்லோ கேக்கோணும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பகிடியென்று நினைத்தாரோ என்னவோ, ஒரு சிறு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "செரி, மச்சான். ஒங்களுக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அரிசியை நாங்கள் சமைத்தோம், பிள்ளைகள் பசித்திருந்தார்கள். ஆனால் அதை நான் மன்னிக்கவில்லை. அதற்குப்பின் அவர் இரண்டு கடிதம் போட்டார், பிரிக்காமல் வைத்துவிட்டேன். கடைத்தெருவில் கண்டால் மற்றப் பக்கம் போவேன். அவர் மகள் சித்தி பரீதாவின் கலியாணத்துக்கு வந்த அழைப்பையும் மேசையிலேயே கிடக்க விட்டேன். குணேஸ்வரி மட்டும் போய் வந்தாள். வட்டிலப்பம் கொண்டுவந்தாள். அதையும் நான் தொடவில்லை, அல்லது கொஞ்சமாகத்தான் தொட்டேன்.

வரைபடத்தாளில் உறை போடலாம் என்று அவர் சொன்ன யோசனையால் வந்த வினை இத்தோடு நிற்கவில்லை. எழுபத்தோராம் ஆண்டு கிளர்ச்சிக் காலத்தில், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலைபார்த்த என் மைத்துனரைப் பார்க்க பஸ்ஸில் போனேன், கையில் ட்ராஸ்னரின் நாவல். வீதித் தடையில் இறக்கினார்கள். துறைமுகத்தின் ஆழம் அடி அடியாகக் குறித்த வரைபடத்தோடு, கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த மனிதன், அந்த நாளில், அந்த இடத்தில். உறைதான் என்றேன். உரித்தார்கள். உள்ளே இன்னொரு வரைபடம். நனைந்ததால் மேலுக்கு மேல் போட்டது என்று விளக்க விளக்க நான் மேலும் மேலும் பெரிய ஆளாகிக்கொண்டிருந்தேன். கடல் நடுவே ஒரு மஞ்சள் வட்டத்தைக் காட்டி இதென்ன என்று கேட்டார்கள். அது பருப்புக்கறி. முதல் பக்கத்தில் ட்ராஸ்னரின் மீசைப் படத்தைக் காட்டி, இந்த ஆள் இப்போது எங்கே என்றார்கள். செத்துப்போனார் என்றேன். யார் கொன்றது என்றார்கள். மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றேன். மைத்துனர் வந்து, 'இவர் அப்படிப்பட்ட ஆளில்லை, இவரால் ஒன்றும் ஏலாது' என்று உத்தரவாதம் கொடுத்து மீட்டார். என்னைப்பற்றி வேறெவரும் இவ்வளவு உறுதியாகச் சாட்சி சொன்னதில்லை.

இப்போது கட்டுரைகளுக்கு வருகிறேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுபவர் பிழைவிடக் கூடாது. ஸைனுலாப்தீன் விடுகிறார். பேரரசு உடைந்த மாரியில் ட்ராஸ்னரின் தாய் பியானோவை விற்றார் என்று எழுதுகிறார். விற்றது தையல் மெசின். தகப்பன் எட்டு மாதம் வெறும் கந்தோருக்குப் போனார் என்கிறார், பதினொரு மாதம். கடைசியில் அந்த முத்திரையைப் படகோட்டியிடம் கொடுத்தார் என்கிறார். ஆற்றில் எறிந்தார், நான் அந்தப் பக்கத்தைப் பத்துத் தரம் வாசித்திருக்கிறேன். நாலாவது கட்டுரையில் இன்னும் ஒருபடி போய், 'சீனி வருத்தத்தால் என் கண் மங்கி வருகிறது, மகள் கேட்டு எழுதுகிறாள், இரண்டாம் பாகம் என்னிடம் இல்லை, ஒரு சிநேகிதரிடம் இருக்கிறது, அவரிடம் இருப்பதால் எனக்குக் கவலையில்லை' என்று எழுதியிருக்கிறார். இதைவிடச் சாதுரியமான பொய்யை நான் அச்சில் கண்டதில்லை. புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, இல்லையென்றும் சொல்லி, வாசகரின் இரக்கத்தையும் வாங்கிக்கொள்வது. பத்திரிகைக்காரருக்குக் கண்ணீர் பிடிக்கும் என்பது தெரிந்த விடயம்.

ஆகவே அடுத்த வாரம் இறுதிக் கட்டுரையை நிறுத்தி, ட்ராஸ்னரைக் கண்டெடுத்தவர் மூதூரில் இல்லை என்று ஒரு திருத்தம் வெளியிடுமாறும், எனது இரண்டாம் பாகத்தை அவர் திருப்பித் தரும்வரை அவருடைய ஒரு வரியையும் அச்சேற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டியதில்லை. வேண்டியவற்றை மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

தங்கள் பத்திரிகை தழைக்கவும், மை மங்காமல் இருக்கவும், அந்தப் பால்மாக் கம்பனி தங்கள்மேல் வழக்குப் போடாமல் இருக்கவும் வாழ்த்துகிறேன். தங்கள் வீட்டாருக்கு என் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,

பி. கு.: பெயரெழுதப் பேனாவை வைத்த இடத்தில் நிறுத்தினேன். இதை அனுப்பப் பெரிய கடித உறை ஒன்று அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது, அலுமாரி சரிந்து கதவு இறுகிவிட்டது. "இஞ்சாருங்கோ, ஒருக்கா தூக்கிப் பிடியுங்கோ, நான் காலுக்குக் கீழ கிடக்கிற அந்தப் புத்தகத்தை இழுக்கிறன்" என்றாள் குணேஸ்வரி. இழுத்தாள். பதினாறு வருடம் அலுமாரிக்கால் அழுத்திய இடத்தில் மேலுறை கிழிந்திருந்தது. கிழிசலுக்குள்ளே கொட்டியாரக்குடா தெரிந்தது. மூதூர்க் கரையில் ஒரு புள்ளி.

வரைபட உறையைப் பார்த்து நாங்கள் நினைத்த வற்றுப்பெருக்கு அட்டவணை அல்ல. இரண்டாம் பாகம். தகப்பன் வெறும் கந்தோருக்குப் போகும் பக்கத்தில், ஸைனுலாப்தீனின் சரிந்த எழுத்தில், பென்சிலால்: 'இதை மச்சானிடம் கொடுத்து இன்னொருக்கா வாசிக்கச் சொல்ல வேணும்.' லோஞ்ச் துறையில் என் கை கொடுக்கவில்லை, வாங்கியது. என் உள்ளங்கை பாரத்தைச் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருந்தது. பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டது.

கதிரையில் இருந்து, நான் மேலே எழுதிய திருத்தங்களைச் சரிபார்த்தேன். பியானோதான். எட்டு மாதந்தான். புத்தகமில்லாமல், கண்ணுமில்லாமல், பதினாறு வருடத்துக்குப் பிறகு அவர் இரண்டைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். முத்திரை விடயத்தில் மட்டும் இரண்டு பேரும் பிழை. அதைத் தகப்பன் என்ன செய்தார் என்று தாம் ஒருநாளும் கேட்கவில்லை என்றும், கேட்டிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார் ட்ராஸ்னர். புத்தகம் அந்த வரியோடு முடிகிறது.

இக்கடிதத்தைக் கிழிக்கப் போனேன். குணேஸ்வரி தடுத்தாள். "கிழிச்சியளெண்டால் இன்னொண்டு எழுதமாட்டியள். புத்தகமும் திரும்ப அலுமாரிக்குக் கீழ போயிடும். உங்களை எனக்குத் தெரியும்." ஓம், அது உண்மை. அதனால் எழுதியபடியே அனுப்புகிறேன். தயவுசெய்து ஒரு வரியும் அச்சேற்ற வேண்டாம். இத்துடன் வரும் புத்தகத்தை மட்டும், இறுதிக் கட்டுரை எழுதுமுன்னம் மூதூருக்கு அனுப்பிவையுங்கள். எழுத்து மிகப் பொடியானது, மகளை வாசிக்கச் சொல்லுங்கள். அலுமாரிக்கு இப்போது ஒரு செங்கல் வைத்திருக்கிறோம்.

அவருடைய அந்த இரண்டு கடிதங்களையும் இன்னும் பிரிக்கவில்லை. மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். புத்தகத்தின் மேலுறையைக் கழற்றாமல் விட்டிருக்கிறேன். உட்துறைமுகம் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.