நாற்காலிக்கு டெஸ்ட் வைத்த அண்ணன்

இந்த உலகத்தில் எந்த நாற்காலியையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் டெஸ்ட் அண்ணன்தான். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த நாற்காலி கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. செய்து முடித்த நாற்காலிகளைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. அந்த வேலையை அவர் கம்பெனியோடு விட்டுவிட்டுப் போனதில்லை.

தன் அக்கா மகள் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த நாற்காலியை மேடையிலேயே குப்புறக் கவிழ்த்து, வெல்டிங்கைத் தடவிப் பார்த்தாராம். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருக்க, "தாலி கட்டறதுக்கு முன்னாடியே வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாராம்.

நாங்கள் செய்தது பழைய வெளிநாட்டு டிசைன். ஐம்பதுகளில் யாரோ வரைந்தது. ஒரே இரும்புக் குழாயை வளைத்துக் காலும் கையும் முதுகுமாக ஆக்கி, துளை போட்ட தகட்டை நடுவில் வைத்தால் நாற்காலி. காபி கடைகளில் இப்போது அதுதான் மறுபடியும் ஃபேஷன். நாள் முழுக்க நாற்காலி செய்வோம், ஆனால் லைனில் யாரும் உட்காரக் கூடாது. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

டெஸ்ட் அண்ணன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "ஏசி ரூம்லேர்ந்து வர்றவன் குந்தினா எல்லா சேரும் நல்லாக் கீதுன்னுதான் சொல்லுவான். நின்னு நின்னு காலு செத்தவன் குந்திச் சொல்லணும்" என்று ஆளுக்கு ஆள் இழுத்து உட்கார வைப்பார். வெல்டிங் முருகேசன் உட்கார்ந்த வேகத்தில் குறட்டை விட்டான். அண்ணன் சத்தமில்லாமல் அந்த நாற்காலியில் 'பாஸ்' ஸ்டிக்கரை ஒட்டினார்.

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கான்ட்ராக்ட் ஆள் நான். தெரிந்தால் "வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்று கேட்டுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரம், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கோவில்பட்டியிலிருந்து பிழைக்க வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப முடியுமா?

ஒருநாள் தலை சுற்றி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாமா, தூணைப் புடிச்சிக்கினு நிக்கிற? நீ வுட்டா அது ஒண்ணும் வுழுந்துடாது. வா, டெஸ்ட்டுக்கு ஆளு வேணும்" என்றார். அன்றிலிருந்து உட்கார்ந்தபடியே நாற்காலிகளைத் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டினேன்.

ஹெட் ஆபீஸ் மேனேஜர் வந்த நாளில் எனக்கு உயிரே போய்விட்டது. "ஏம்மா, லைன்ல உட்காரலாமா?" என்றார்.

அண்ணன் குறுக்கே வந்தார். "டெஸ்ட் நடக்குது சார். எழுப்பினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"இது லாங் டெஸ்ட் சார். வேலை செஞ்சிக்கினே குந்தினாதான் சேரோட யோக்கியதை தெரியும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "எப்படிம்மா இருக்கு?"

"முதுகுல கம்பிதான் லேசா இடிக்கி சார்" என்று உளறினேன்.

"நோட் பண்ணுங்க" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் பேக்கிங் ஃபோமை மடித்துச் செருகினார்.

வயிறு வெளியே தெரியும் மாதமும் வந்தது. அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் பேக்கிங் ஆட்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எந்த ஆர்டருக்காக எனக்கு அந்த லாங் டெஸ்ட்டோ, அந்த ஆர்டர் மொத்தமும் எப்போதோ போய்விட்டதாம்.

பதறி எழுந்து அவரிடம் கேட்டேன். "அண்ணே, அந்த ஆர்டரெல்லாம் கப்பல் ஏறிட்டாம்லா?"

அவர் கையிலிருந்த நாற்காலிக் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏறட்டும். ஒனக்கு இன்னும் நாள் கீதுல்ல? குந்து."

மறுபடியும் உட்கார்ந்தேன். அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. எழுந்தால் திட்டுவார் என்று உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.