முயல் தொட்ட கோடு

ஒரு காட்டில், அதுவும் சித்திரை வெயிலில் காய்ந்து கருவாடாகிக் கிடந்த காட்டில், ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிச்சமிருந்தது. யார் முதலில் குடிப்பது என்று முயல்களுக்கும் பன்றிகளுக்கும் தினமும் அடிதடி. கடைசியில், கபடி ஆடித் தீர்த்துக்கொள்வோம், ஜெயித்தவர் முதலில் இறங்கட்டும் என்று முடிவாயிற்று. பன்றிகள் முதலில் இறங்கினால் அப்புறம் சேறுதான் மிஞ்சும் என்பது முயல்களுக்கு நன்றாகத் தெரியும்.

நடுவர்கள் மூவர்: கரடி வீரபத்திரன், கொக்கு சிங்காரம், ஒரு கிழட்டு உடும்பு. கரடிக்கு அதுதான் முதல் ஆட்டம். பாவம், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண் கொட்டாமல் நின்றது.

ஆட்டம் சமநிலை. கடைசியாக ஒரு முயல் பாடிப் போய், பன்றித் தலைவனைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடியது. நாலைந்து பன்றிகள் மேலே விழுந்து அமுக்கின. அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது. கரடி கண்ணாரக் கண்டது.

"முயலுக்குப் பாயிண்ட்!"

பன்றிகள் குய்யோ முறையோ என்று கத்தின. "நடுவருங்க கூடிப் பேசணும்!"

மூவரும் மைதானத்தின் நடுவே தலையோடு தலை ஒட்டி நின்றார்கள்.

"நீங்க பார்த்தீங்களா அண்ணே?" என்று கேட்டது கரடி.

"நான் எங்கய்யா பார்த்தேன்? குட்டையில ஒரு கெண்டை துள்ளுச்சு, அதைப் பார்த்துட்டு இருந்தேன்," என்றது கொக்கு. உடும்போ வெயிலுக்குச் சொக்கிப்போய்க் கண்ணயர்ந்துவிட்டதாம்.

"அப்போ நான் சொன்னதே இருக்கட்டும். நான் பார்த்தேன்ல?"

"பார்த்தது நீ ஒருத்தன். பார்க்காதது நாங்க ரெண்டு பேர். மெஜாரிட்டி எந்தப் பக்கம்?" என்று மடக்கியது கொக்கு. அதோடும் விடவில்லை. "இவ்வளவு நேரம் பேசிட்டு அதையே போய்ச் சொன்னா, எதுக்குடா கூடுனீங்கன்னு சிரிக்க மாட்டானுங்க? கூடினா மாத்தணும் தம்பி."

கரடி நடுக்கோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஆனாலும் விசிலை ஊதி, "முயல் அவுட்!" என்றது.

கூட்டம் கைதட்டியது. "தப்பைத் திருத்திக்கிற மனசு யாருக்கு வரும்!" என்று ஒரு குரங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பன்றித் தலைவனுக்கே மனசு கேட்கவில்லை. "ஐயா, முயல் கோட்டைத் தொட்டது நிஜம். என் மூக்குக்கு அடியிலதான் தொட்டுச்சு," என்றது.

"நாங்க கூடி எடுத்த முடிவை எதிர்த்துப் பேசினா வெளியே அனுப்பிடுவேன்!" என்று சீறியது கொக்கு. பன்றி போய்க் குட்டையில் இறங்கிப் புரண்டது.

சாயங்காலம் முயல்கள் சேற்றை நக்கிக்கொண்டிருந்தன. கரடி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனது.

"சத்தியமா நான் பார்த்தேன்டா."

"அப்புறம் ஏண்ணே கூடுனீங்க?" என்றது முயல்.

அடுத்த ஆட்டத்தில் கரடி இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு நின்றது. மெஜாரிட்டியில் சேர்ந்துவிட்டதாம்.

நீதி: கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், கூடிக் குசுகுசுப்பதே மெய்.