பித்தான் ஒட்டிய வீடு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்தோடு எழுதுவது. நானும் மகளும் நலம். அவளுடைய மைக்ரோவேவ் அடுப்புக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்லை; காரணம் நான்தான், பின்னால் சொல்கிறேன்.

"கண்ணு தெரியாத பொண்ணை வெளியூர்ல தனியா விடப்போறீங்களா மாப்பிள்ளை?" என்று நீங்கள் கேட்டீர்களே, அதையேதான் இங்கே வீட்டுக்காரரும் கேட்டார். கொஞ்ச நாள் நானும் கூட இருக்கிறேன் என்ற பிறகுதான் சாவியைக் கொடுத்தார். நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான், அவள் இருப்பதா காலி செய்வதா என்று முடிவு சொல்வாராம். வக்கீல் வேலை கிடைத்த பெண்ணுக்கு வாடகை வீடு கிடைக்கக் கூடாதா? வந்த கோபத்தில், வீட்டையே அவள் விரலுக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

முதலில் மைக்ரோவேவ். அதன் முகம் வழவழவென்று இருக்கும்; தடவினால் எது எங்கே என்று தெரியாது. மகள் கேட்டது ஆரம்பிக்க ஒன்று, நிறுத்த ஒன்று, இரண்டே அடையாளம். பெற்ற மனசு கேட்குமா? எல்லா எண்ணுக்கும் சட்டைப் பித்தான் ஒட்டினேன், நிறப் பொருத்தம் வேறு பார்த்து. தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒட்டினா எதுலயும் ஒட்டாத மாதிரிதானேப்பா?" என்றாள். பிய்க்கப் போனேன், மேல்தாளும் சேர்ந்து உரிந்து வந்தது. அத்தோடு சும்மா இருந்தேனா? குளியலறையில் ஷாம்பு புட்டிக்கு அவள் ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தாள். பக்கத்துப் புட்டி மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதற்கும் ஒன்று மாட்டினேன். பிள்ளை கைக்குப் பூசும் கிரீமைத் தலையில் தேய்த்துக்கொண்டு நீதிமன்றம் போனாள். கறுப்பு உடையைக் கண்டுபிடிக்க உள்தையலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். நூல் தொங்குகிறதே என்று அதையும் கத்தரித்துவிட்டேன். அன்றைக்கு நீலச் சட்டையோடு போய் வாதாடினாள். ஆனால் வழக்கில் ஜெயித்தாள், அதையும் எழுதிவிடுகிறேன்.

தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே டம்ளர் நிறைந்துவிட்டது என்று நிறுத்துகிறாள், மச்சான். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்று மாலை வீட்டுக்காரர் வருகிறார். சமையலறையில் கடைசி ஏற்பாடும் முடிந்தது. ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாத அவளுடைய டப்பாக்களை ஓரங்கட்டிவிட்டு, ஒரே அளவில் அழகான கண்ணாடி ஜாடிகள் வாங்கினேன். மூடியில் உப்புக்கு ஒரு பித்தான், சர்க்கரைக்கு இரண்டு. அவர் அசந்துபோவார். எப்படியும் நான் இல்லாமல் அவளால் சமாளிக்க முடியாது. இங்கேயே தங்கிவிட உத்தேசம். உங்கள் தங்கையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ அது.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: வீட்டுக்காரர் வந்து போய்விட்டார். மகள் தன் கையால் தேநீர் போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் முகம் கோணி, புரையேறி இருமினார். மத்தியானம் ஜாடிகளைக் கழுவி வைத்தவன் நான். மூடிகள் இடம் மாறிவிட்டன.

"உப்பா சார்? அப்பா மூடியை மாத்திட்டாரு. உக்காருங்க, என் டப்பாவுலேருந்து போட்டு வேற தரேன்" என்று அவள் பதறாமல் உள்ளே போய், இன்னொரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கட்டும். நீங்க எப்ப சார் கிளம்பறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொன்னாள்: "நாளைக்குக் காலையில சார். டிக்கெட் எடுத்தாச்சு."